அலாவுதீனும் அலாடினும்

மறுமை நாளில் மாந்தர் தத்தம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவர். ஆதலின் பிள்ளைகளுக்கு அழகிய பெயர்களைச் சூட்டுக என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அறிவுறுத்தியதோடு அமையாது, பொருள் பொல்லாத பெயர்களை மாற்றியும் அருளினார்கள். ஆஸியா என்று அழைக்கப்பெற்ற ஒரு பெண்மணிக்கு ஜமீலா எனப் பெயர் மாற்றினார்கள் என்பது நபிமொழி நூல்களிற் காணப்படும் செய்தியாகும்.

இவ்விடத்தே வாசகர்க்கு ஓர் ஐயம் எழக்கூடும். ஆஸியா என்பது ஃபிர்அவ்னின் மனைவியாராய் விளங்கிய நல்லாரின் பெயரன்றோ, அதனை ஏன் மாற்ற வேண்டும் என்று வினவலாம். விடை அரபு எழுத்தில் உள்ளது. அந்நல்லாரின் பெயர் அலிஃபும் ஸீனும் கொண்டது. மாற்றப்பட்ட பெயரோ ஐனும் ஸாதும் கொண்டது. அதற்கு 'மாறு செய்பவள்' என்பது பொருள். தமிழில் எழுதுங்கால் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். ஓசை ஒன்றாயிருக்கப் பொருள் எதிரெதிரே நிற்கும் இந்நிலையை மனத்திற்கொண்டு, நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம்.

ஒரு மாணவனின் வினா

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட குடியிருப்புகளிலிருந்து மாலைநேர மக்தபுக்கு வரும் பிள்ளைகளுள் ஜஃபர் சாதிக் என்னும் பெயருடைய சிறுவன் ஒருவன் உளன். ஒருநாள் ஓதல் முடிந்து ஏனையோர் கலைந்த பின்னும் அவன் எழவில்லை. அருகழைத்துக் கேட்டோம். "ஹஜ்ரத், என் பேரை மாத்திக்கலாமா?" என்றான். அவன் பயிலும் பள்ளியின் ஆண்டுவிழாவில் அலாடின் நாடகம் நடிக்க இருக்கின்றனராம். கொடிய அமைச்சன் வேடத்திற்கு ஆள் தேடவே தேவையில்லை, பெயரே பொருத்தமாக வாய்த்திருக்கிறது என்று கூறி அவனைத் தேர்ந்துவிட்டனர். அன்று முதல் உடன் பயிலும் பிள்ளைகள் அவனைக் கண்டாலே அந்த அமைச்சனைப் போல் குரலெழுப்பி நகைக்கின்றனர். "அத்தா ஏன் எனக்குக் கெட்டவன் பேரை வச்சாங்க?" என்று அவன் கேட்டபொழுது நமக்கு உடனே மறுமொழி வரவில்லை.

அப்படத்தை நாம் அதுகாறும் முழுமையாகக் கண்டதில்லை. வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும்போது காதில் விழுந்த பாடல்களே நாம் அறிந்தவை. அன்றிரவு அமர்ந்து முழுவதும் பார்த்தோம். 1992 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ஓவிய உயிரூட்டுப் படம் அது. ரான் கிளமென்ட்ஸ், ஜான் மஸ்கர் என்னும் இருவர் இயக்கியது. ஓவிய நேர்த்தியும் நகைச்சுவையும் இசையும் வியக்கத்தக்கன. அதனை மறுத்தல் நேர்மையாகாது. பொய்வேடத்தால் பெற்ற பெருமை நிலையாது என்பதும், வாக்குக் கொடுத்தவன் அதனைக் காத்தல் வேண்டும் என்பதும் கதையின் உட்கிடை. இவை நம் பிள்ளைகளுக்கு ஆகாத பாடங்களல்ல. ஆயின் அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தபோதுதான், நம் வீட்டுப் பெட்டகத்துப் பொருள்களைப் பிறர் எடுத்து, எது எதற்கென அறியாது இடம் மாற்றி வைத்திருக்கும் காட்சி தெரிந்தது.

கதை வந்த வழி

அலாவுதீன் கதை ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் இல்லை என்றால் பலர் வியப்பர். அந்நூலை 1704 முதல் 1717 வரை பன்னிரு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட அந்துவான் கலான் என்பார், 1709 இல் பாரிசு நகரில் ஹன்னா தியாப் என்னும் இளைஞரைச் சந்தித்தார். தியாப், சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த மரோனியக் கிறித்தவர். அவர் வாய்மொழியாகச் சொல்லிய கதைகளுள் ஒன்றே இது. கதை நிகழும் இடம் சீன நாடு. முஸ்தஃபா என்னும் ஏழைத் தையற்காரரின் மகன் அலாவுதீன். அவனை வஞ்சிப்பவன் ஆப்பிரிக்காவின் மஃரிபுப் பகுதியிலிருந்து வந்த மந்திரவாதி. அவனுக்குக் கதையில் பெயரே இல்லை. அமைச்சர் ஒருவர் உண்டு. தம் மகனுக்கு இளவரசியை மணமுடிக்க எண்ணியவர் என்பதல்லால் அவர் சூனியக்காரரல்லர். அவருக்கும் பெயரில்லை. மந்திரவாதியையும் அமைச்சரையும் ஓருருவாக்கி, அவ்வுருவிற்கு ஜஃபர் எனப் பெயரிட்டது திரைப்படத்தின் வேலை என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

தீனும் டின்னும்

முதற்கண் நாயகன் பெயர். 'அலாஉ' என்பது உயர்வு, மேன்மை எனப் பொருள்படும். 'அத்தீன்' என்பது மார்க்கம். 'மார்க்கத்தின் மேன்மை' என்பது முழுப்பொருள். ஸலாஹுத்தீன், ஜலாலுத்தீன், நிஜாமுத்தீன், ஷிஹாபுத்தீன் என்னும் வரிசையில் வைத்து எண்ணத்தக்க சிறப்புப் பெயர் இது.

இப்பெயரைத் தமிழர் நாவு எவ்வளவு நுட்பமாக வாங்கிக்கொண்டது என்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சி பிறக்கிறது. அரபியில் 'அலா' என்பதன் பின் ஹம்ஸா எனும் நிறுத்தொலி வந்து, அதன்மேல் உகரம் ஏறும். ஆகாரத்தின்பின் உகரம் வருங்கால் இடையே வகர உடம்படுமெய் தோன்றும் என்பது தமிழிலக்கணம். அவ்வாறே ஹம்ஸா நின்ற இடத்தில் வகரம் வந்து அமர, 'அலாவு' என்றாயிற்று. அடுத்து, 'அல்' என்னும் சுட்டின் லாம், தாலுக்கு முன் தன்னொலி இழந்து தாலாகவே இரட்டிக்கும். அதனைக் காட்ட 'அலாவுத்தீன்' எனத் தகர ஒற்றிட்டு எழுதுவோரும் உளர். எழுத்தறியாத நம் பாட்டிமார் கூட உகரத்தையும் தீன் என்னும் நெடிலையும் விட்டுவிடாது அழைத்தனர்.

தமிழ்த் திரையும் இதனைக் காத்தது. 1957 இலும் பின்னர் 1979 இலும் 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' என்ற பெயரிலேயே தமிழ்ப் படங்கள் வந்தன. இன்றோ நம் பிள்ளைகள் 'அலாடின்' என்கின்றனர். ஆங்கிலத்தில் உகரம் உதிர்ந்தது, நெடில் குறிலாயிற்று. அவ்வுருவம் மீண்டும் தமிழ் எழுத்திற்கு வந்தபோது பல்லொலித் தகரம் நாமேட்டு டகரமாயிற்று. தீன் என்பது மார்க்கம். டின் என்பது தகரக்குவளை. ஒரே பெயர் ஆங்கிலத்திற்குச் சென்று திரும்புவதற்குள் மார்க்கத்தை இழந்து குவளையைக் கொண்டுவந்ததை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா?

படத்தில் நாயகன் இளவரசனாய் வேடமிட்டு வருங்கால் அலி என்று பெயர் பூணுகிறான். அலி என்பதும் அலாஉ என்பதும் ஐன், லாம், வாவ் என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டிற்கும் உயர்வே பொருள். பொய்வேடத்திற்கு இட்ட பெயரும் மெய்ப்பெயரும் ஒன்றே என்பது அரபி அறிந்தார்க்கு மட்டும் புலப்படும் நயம். தெரியாமல் நேர்ந்ததாயினும் நயம் நயமே. ஆனால் அலி என்பதன் பின் ஒட்டியுள்ள 'அபாப்வா' என்பதற்கு எம்மொழியிலும் பொருளில்லை. அரபு போல் ஒலித்தால் போதும் என்று கட்டிய ஓசை அது.

மல்லிகையும் முழுமதியும்

கதையில் இளவரசியின் பெயர் பத்ருல் புதூர். 'முழுமதிகளுக்கெல்லாம் முழுமதி' என்பது பொருள். படத்தார் இதனை விலக்கி ஜாஸ்மின் என்று வைத்தனர். இது பாரசீகத்தின் யாசமன், அரபியின் யாஸமீன். பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்த சொல். நம் வீடுகளில் யாஸ்மின் என்னும் பெயருடைய பெண்மக்கள் பலர். குண்டுமல்லிகைக்குத் தாவர நூலார் இட்ட பெயர் ஜாஸ்மினம் சம்பாக். அதன் முற்பகுதி பாரசீகத்து யாசமன், பிற்பகுதி அரபியின் ஸன்பக். நம் கடைத்தெருவில் முழம்போட்டு விற்கப்படும் பூ, உலகத் தாவர ஏட்டில் பாரசீக அரபுப் பெயர் தாங்கி நிற்கிறது. எனவே இப்பெயர் மாற்றத்தில் நமக்குக் குறையில்லை. நாவுக்கு எளிதாயிருக்க மாற்றினர், அழகாகவே மாற்றினர்.

பூவைப் பற்றிப் பேசுங்கால் நம் பூந்தமல்லியை மறக்கலாகாது. 'மல்லி' என ஒலிப்பதால் மல்லிகையால் வந்த பெயர் என்று கருதுவோர் உண்டு. ஆயின் பூவிருந்தவல்லி என்பதே திருந்திய வடிவம். ஈற்றில் நிற்பது வல்லி, மல்லியன்று. அருகிலுள்ள ஆவடியின் பெயரோ இதனினும் விந்தையானது. படைத்துறை வண்டிகளின் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஆவடி ஆயின என்று படித்தவர்களும் சாதிப்பர். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது 1961 இல். அதற்கு ஆறாண்டுகள் முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரசுப் பேரவை அவ்வூரில் கூடி 'ஆவடி மாநாடு' என்று பெயர் பெற்றுவிட்டது. காதில் விழும் ஓசையைக் கொண்டே பெயருக்குப் பொருள் கற்பித்தல் எங்கும் உள்ள நோய் என்பதற்காகவே இவற்றைச் சொன்னோம். அந்நோய் தீங்காகும் இடமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஜின்னும் பூதமும்

ஜின் என்னும் சொல்லின் வேர் 'மறைதல்' என்னும் பொருளது. கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். மரங்களால் மூடப்பட்ட சோலை ஜன்னத். கருவறையில் மறைந்த சிசு ஜனீன். அறிவு மறைக்கப்பட்டவன் மஜ்னூன். உடலை மறைத்துக் காக்கும் கேடயம் ஜுன்னத். ஒரு வேரிலிருந்து சுவர்க்கமும் சிசுவும் பித்தனும் கேடயமும் கிளைக்கும் இவ்வழகை மாணவர்க்குச் சொல்லும்பொழுதெல்லாம் அவர்கள் கண்கள் விரிவதைக் கண்டிருக்கிறோம். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரோ, தம் மொழியில் காவல் தெய்வத்தைக் குறிக்கும் 'ஜெனி' என்னும் இலத்தீன் வழிச்சொல் ஒலியால் ஒத்திருக்கக் கண்டு அதனையே ஆண்டனர். ஆங்கிலேயரும் அவ்வாறே கொண்டனர்.

தமிழர் செய்தது என்ன? ஜின்னைப் பூதமாக்கினர். பூதம் என்பது வடமொழியில் 'உளதாதல்' என்னும் வேரிலிருந்து வந்தது. ஐம்பூதம் என்பதும் அதுவே. ஒன்று மறைந்திருப்பது, மற்றொன்று தோன்றி உருவாகியிருப்பது. நேரெதிரான இரு சொற்களை விளக்கு ஒன்று இணைத்துவிட்டது. சிறுவர் கதைக்கு இது போதும் என்க. ஆயினும் குர்ஆனின் எழுபத்திரண்டாம் அத்தியாயமே ஜின் என்னும் பெயரோடு விளங்குவதையும், அவர்களுள்ளும் நல்லோர் தீயோர் உளர் என அது உரைப்பதையும் அறியவேண்டிய நம் பிள்ளைகள், ஜின் என்றதும் கைகட்டி ஏவல் கேட்கும் நீலநிறப் பூதத்தையே எண்ணுவர் எனில், அதனைத் திருத்துதல் பெற்றோரின் கடன்.

அபூ என்னும் பெயர்

இனி வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறோம். நாயகனுடன் திரியும் குரங்கின் பெயர் அபூ.

அபூ என்பது தனிப்பெயரன்று. 'தந்தை' எனப் பொருள்பட்டு, பின்வரும் சொல்லோடு இணைந்தே நிற்பது. மக்கள் பெயரைக் கொண்டு மூத்தோரை மதிப்புடன் விளிக்கும் அரபு வழக்கினைக் குன்யத் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குன்யத் அபுல் காஸிம். முதல் கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி). பூனைக்குட்டியிடம் கொண்ட பரிவால் பெயர்பெற்றவர் அபூஹுரைரா (ரலி). பூனைக்குட்டி ஒரு நல்லாரின் பெயருள் இடம்பெற்றது அன்பினால். படத்திலோ நல்லோர் பெயரின் தலைப்பகுதி வெட்டப்பட்டு விலங்கின் கழுத்தில் மாட்டப்பட்டது.

இதற்கொரு முற்கதை உண்டு; அதில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். 1940 இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்னும் ஆங்கிலப் படத்தில் அபூ என்பவன் குரங்கல்லன், மனிதன். துணிவும் குறும்பும் நிறைந்த சிறுவன். அவ்வேடத்தில் நடித்தவர் சாபு. மைசூர் யானைப்பாகர் ஒருவரின் மகனாக 1924 இல் பிறந்து ஆங்கிலத் திரையில் புகழெய்திய முஸ்லிம் இளைஞர் அவர். பறக்கும் கம்பளம், பொம்மைப் பித்துக் கொண்ட சுல்தான், ஜாஃபர் என்னும் கொடிய அமைச்சன் எல்லாம் அப்படத்தில் உள்ளவையே. 1992 இல் வந்தவர்கள் அங்கிருந்தே கொண்டனர். இடையில் நேர்ந்த மாற்றங்களுள் ஒன்று, நம் நாட்டுச் சிறுவன் நடித்த அபூ குரங்கானது. வேண்டுமென்றே இழிவுபடுத்தினர் என்று நாம் சொல்லவில்லை. செல்லப் பிராணிக்கு மனிதப் பெயரிடுதல் அவர்கள் வழக்கம். ஆனால் எப்பெயர் யாருக்கு எத்துணை அருமையானது என்று கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுவே நம் குறை.

கிளியின் பெயர் இயாகோ. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் மூர் இனத்துப் படைத்தலைவனை வஞ்சித்து அழிப்பவன் பெயர் இது. சொல்லின் மூலத்தைத் தேடினால், யஃகூப் (அலை) அவர்களின் திருப்பெயரே ஐரோப்பிய நாவில் திரிந்து இயாகோ ஆனதென அறிகிறோம். காவலர் தலைவன் பெயர் ரஸூல் என்பதன் திரிபு. படத்தில் பணிபுரிந்த ஈரானியக் கலைஞர் ஒருவரின் பெயரைத் தழுவி இட்டனர். தோழர் ஒருவரைச் சிறப்பிக்க எண்ணியது நல்லெண்ணமே. ஆயின் 'தூதர்' என்னும் பொருளுடைய அச்சொல், வாளேந்தித் துரத்தும் முரடனுக்குப் பெயராவதை நம் செவி ஏற்கவில்லை.

ஜஃபர்

மாணவனின் வினாவிற்கு விடை சொல்லும் இடத்தை அடைந்துள்ளோம். ஜஃபர் என்பதற்குச் சிற்றாறு, ஓடை என்பது பொருள். ஜீம், ஐன், ஃபா, ரா என்னும் நான்கெழுத்துச் சொல். தமிழில் ஐன் இல்லாமையால் அது இருந்த இடத்தை நீட்டி ஜாஃபர் என்றும், ஃபாவைப் பகரமாக்கி ஜாபர் என்றும் எழுதுகிறோம். 'முறிந்ததைச் சேர்ப்பவர்' எனப் பொருள்படும் ஜாபிர் என்பது வேறு பெயர். இரண்டையும் குழப்புதல் ஆகாது.

இப்பெயரைத் தாங்கியோர் யாவர்? முதல்வர், அபூதாலிபின் மகனார் ஜஃபர் (ரலி). நபிகளாரின் பெரிய தந்தையின் மகன்; அலி (ரலி) அவர்களுக்கு மூத்தவர். மக்காவின் கொடுமை தாங்காது அபிசீனியாவிற்குப் புகலிடம் தேடிச் சென்ற முஸ்லிம்களின் சார்பாக, நஜ்ஜாஷி மன்னரின் அவையில் எழுந்து பேசியவர் இவரே. அகதிகளைப் பிடித்துக்கொண்டு போக மக்காவாரின் தூதர் காத்து நிற்க, மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை இவர் ஓதக் கேட்டுக் கிறித்தவ மன்னர் கண்ணீர் உகுத்து அடைக்கலம் தந்தார். ஹிஜ்ரி 8 இல், அஃதாவது கி.பி. 629 இல், இன்றைய ஜோர்தானிலுள்ள முஅத்தாவில் நிகழ்ந்த போரில் கொடியேந்தி நின்ற இவருடைய வலக்கை வெட்டுண்டது, இடக்கையில் ஏந்தினார். அதுவும் வெட்டுண்ட பின் தோள்களால் அணைத்து நின்று வீரமரணம் எய்தினார். அக்கைகளுக்கு ஈடாகச் சுவனத்தில் இரு சிறகுகள் பெற்றார் என நபிகளார் நற்செய்தி கூறியமையால் 'ஜஃபர் தைய்யார்', பறக்கும் ஜஃபர், என்று போற்றப்படுகிறார். கம்பளம் பறக்கும் கதையில், சிறகு பெற்றவரின் பெயர் கொடியவனுக்கு வாய்த்தது.

இரண்டாமவர் இமாம் ஜஃபர் சாதிக் (ரஹ்). நபிகளாரின் திருக்குடும்பத்து வழித்தோன்றல். மதீனாவில் கல்வி பரப்பி ஹிஜ்ரி 148 இல், கி.பி. 765 இல், மறைந்தவர். 'உண்மையாளர்' என்னும் பொருளுடைய சாதிக் என்பது அவர்தம் சிறப்புப் பெயர். நம் மாணவனின் தந்தை எண்ணி இட்டது இவ்விரு சொற்களையுமே.

மூன்றாமவர் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஜஃபர் பர்மகி. பர்மக் என்பது பல்கு நகரத்துப் பௌத்த விகாரத் தலைவரின் பட்டம்; வடமொழியின் 'ப்ரமுக' என்பதன் திரிபென்பர் ஆய்வாளர். இந்திய மருத்துவ நூல்கள் அரபிக்குச் செல்லத் துணைநின்றது இக்குடும்பம். ஆயிரத்தோர் இரவுகளில் மாறுவேடமிட்ட கலீஃபாவுடன் பாக்தாத் தெருக்களில் நள்ளிரவில் நடப்பவர் இந்த ஜஃபரே. அங்கு அவர் நல்லவர், மன்னரின் சினத்திற்கு அஞ்சிப் பதறுபவர். வரலாற்றிலும் அச்சினமே அவரை விழுங்கியது. 803 இல் கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டார். கொன்றவர் பெயர் கதைகளில் நீதிமன்னராய் வாழ, கொல்லப்பட்டவர் பெயர் 1940 இலும் 1992 இலும் மேனாட்டுத் திரையில் கொடுங்கோலுக்கு அடையாளமாயிற்று.

தியாகி, இமாம், வஞ்சிக்கப்பட்ட அமைச்சர் ஆகிய மூவரையும் அறிந்தோர்க்குப் படத்தின் ஜஃபர் ஒரு கற்பனை உரு மட்டுமே. மூவரையும் அறியாத பிள்ளைக்கோ உலகில் உள்ள ஜஃபர் அவன் ஒருவனே. இதுவே இப்பெயர் மாற்றத்தின் உண்மையான தீங்கு.

இல்லாத ஊர்

ஓசையால் பொருள் கற்பிக்கும் நோயைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். கதை நிகழும் ஊரை முதலில் பாக்தாத் என்றே வைக்க எண்ணினர். 1991 இல் ஈராக்கின்மீது வளைகுடாப் போர் மூண்டமையால் அப்பெயரை விடுத்து 'அக்ரபா' என்று ஒரு பெயரை ஆக்கினர். அப்படி ஓர் ஊர் உலகில் இல்லை. 2015 டிசம்பரில் அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்று, அக்ரபாவின்மீது குண்டு வீசலாமா என்று வாக்காளரிடம் வினவியது. குடியரசுக் கட்சியாருள் நூற்றுக்கு 30 பேரும், சனநாயகக் கட்சியாருள் நூற்றுக்கு 19 பேரும் வீசலாம் என்றனர். படத்துப் பெயர் என்று கூட நினைவில்லை. அரபு போல் ஒலித்தது, அவ்வளவே. பெயர்களைப் பற்றி இவ்வளவு நீளப் பேசுவானேன் என்று கேட்போருக்கு இதுவே நம் விடை.

படத்தின் தொடக்கப் பாடலில் அரபு நாட்டில் காதை வெட்டுவர் எனும் கருத்தமைந்த அடிகள் இருந்தன. அமெரிக்க வாழ் அரபு மக்களின் அமைப்பு எதிர்த்தமையால் 1993 இல் வீட்டுக் காட்சிக்கு வந்த படிகளில் அவை மாற்றப்பட்டன. அந்நாட்டைக் காட்டுமிராண்டி நாடென்ற சொல்லோ நிலைத்தது. 2019 இல் நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்த படத்திலேதான் அது நீங்கியது. முறையாக எடுத்துரைத்தால் திருந்துவர் என்பதற்கும், திருந்தக் காலம் பிடிக்கும் என்பதற்கும் இது சான்று. எனினும் 2019 ஆம் ஆண்டுப் படத்திலும் ஜஃபர் ஜஃபராகவே இருந்தான்.

நம் பக்கத்துக் குறை

அயலாரை மட்டும் குறைகூறி அமைதல் அறமன்று. நம் சென்னையிலிருந்து 2014 இல் வெளிவந்த உயிரூட்டுப் படம் கோச்சடையான். கோச்சடையன் ரணதீரன் என்பவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டிய மன்னன். வேள்விக்குடிச் செப்பேடு அவனை அறிவிக்கிறது. கோ என்பது அரசன், சடையன் என்பது பாண்டியர் மாறிமாறிப் பூண்ட பட்டங்களுள் ஒன்று. படத்திலோ கோச்சடையான் தந்தை, ரணதீரன் மகன். ஒருவனின் பெயரை இரண்டாக அறுத்து இருவருக்குப் பங்கிட்டுவிட்டனர். தமிழரே தமிழரசன் பெயரை இவ்வாறு கையாளும்போது, கலிஃபோர்னியாவில் இருப்போர் ஐனையும் ஹம்ஸாவையும் காக்கவில்லை என்று நாம் வியத்தற்கில்லை.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அப்துர் ரஹ்மான் என்று பெயரிட்டு அப்துல் என்று அழைக்கிறோம். அப்துல் என்றால் 'இன்னாரின் அடிமை' என்பதில் இன்னாரை விட்டுவிட்ட துண்டு. குரங்கிற்கு அபூ என்று பெயரிட்டவர் செய்த பிழைக்கும் இதற்கும் இலக்கண வகையில் வேறுபாடு யாது? இணையத்தில் பட்டியல் பார்த்து, ஓசை இனிதாயிருக்கிறதென்று பெயர் தேர்ந்து, பொருளைப் பின்னர் நம்மிடம் கேட்க வருவோர் உண்டு. அவ்வாறு கேட்ட ஒரு பெயருக்கு எந்த அகராதியிலும் பொருள் கிட்டாமல் திகைத்ததும் உண்டு. அம்மக்தபில் ஓதும் பிள்ளைகளை ஒருநாள் வரிசையாக நிறுத்தித் தம் பெயரின் பொருளைக் கேட்டோம். சொன்னோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. கற்பிப்போராகிய நாமும் அதுநாள் வரை அவர்களைக் கேட்டதில்லை, அக்குற்றம் நம்முடையது.

படத்தைப் பார்க்காதே என்று தடுப்பதால் பயனில்லை. தடுத்தால் நம் கண்ணுக்கப்பால் பார்ப்பர். உடனமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அதன் பொருளையும், அப்பெயர் தாங்கிய நல்லோரையும் ஓரிரு வாக்கியங்களில் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரை நாளுக்கொரு முறையேனும் முழுமையாக அழையுங்கள். ஓதும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அதனை அரபு எழுத்தில் பிழையற எழுதி, கீழே பொருளைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். இதற்குச் செலவில்லை.

அம்மாணவனிடம் பெயரை மாற்ற வேண்டாம் என்று நாம் கட்டளையிடவில்லை. தந்தை இட்ட பெயரே ஆயினும் பொருள் தீயதெனின் மாற்றலாம் என்பதற்கு நபிவழியே சான்று என்று சொல்லி, பொருளை நீயே அறிந்து முடிவு செய் என்றோம். மூன்று மாலைகள் மூன்று ஜஃபர்களின் வரலாற்றையும் கேட்டான். நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) பேசியதை இருமுறை கேட்டான். பின்னர்த் தன் குறிப்பேட்டைத் திறந்து பெயரை அரபியில் எழுதிக் காட்டினான். ஐனுக்குப் பதில் அலிஃப் இட்டிருந்தான். திருத்திக் கொடுத்தோம்; நான்கைந்து முறை எழுதிப் பழகினான். நாடகத்தில் அவ்வேடத்தை ஏற்பதா வேண்டாவா என்பதைத் தன் அத்தாவிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லிச் சென்றான். பெயர் மாற்றத்தைப் பற்றி அதன்பின் அவன் நம்மிடம் கேட்கவில்லை.